கல்லீரலில் கோளாறோ என்ற சந்தேகம்: புதிய டெஸ்டுக்கு முன் பழைய ரிப்போர்ட்டை முழுதாகப் படிப்போம்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 38, ஆண். எட்டு மாதமாக அசதி. வலது விலாவுக்குக் கீழே மந்தமாக ஒரு வலி, வருகிறது, போகிறது. இரவில் உடம்பு அரிக்கிறது. சில நாள் காலையில் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகிறது, கண்ணாடியில் பார்த்தால் கண்ணும் லேசாக மஞ்சள் பூத்ததுபோலத் தெரிகிறது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தாகிவிட்டது. மொத்த பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) 2.1, எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 41, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் (பித்தம் தேங்கினால் ஏறும் நொதி) 96, ஆல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்) 4.4. ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. மூன்று பேருமே “பயப்பட ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், என்று வருகிறது, படித்ததும் ஈரக்குலையே நடுங்கிவிட்டது, எந்த டெஸ்ட் எடுத்தால் என்ன நோயென்று உறுதியாகத் தெரியும் என்கிறீர்கள்.

பார்க்க இது டெஸ்ட் பற்றிய கேள்வி. எனக்குக் கேட்பது வேறு. உடம்பு சரியில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. ரிப்போர்ட் முழுக்க நல்லதாகவும் இல்லை, முழுக்க மோசமாகவும் இல்லை. அப்படியிருக்க ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலை எந்த அளவுக்கு நம்புவது? இதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். பொது மருத்துவத்திலும் பிறகு கல்லீரல் பிரிவிலுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆனால் உங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவன் இல்லை நான். கீழே சொல்வதில் சிலவற்றை அடித்துச் சொல்வேன், சிலவற்றை ஊகம் என்றே சொல்வேன். இரண்டையும் கலந்துவிடாமல் படியுங்கள்.

முதலில் ‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்ற பெயரே பாதி ஏமாற்று. எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பவை இல்லை. செல்கள் காயப்படும்போது உள்ளிருந்து ரத்தத்தில் கசியும் நொதிகள் அவை. தரையில் சிந்திய தண்ணீரைப் பார்த்துப் பானையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லலாம். பானையில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் முற்றிய சிரோசிஸிலும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருப்பதுண்டு, கசிவதற்கு மிச்சமிருக்கும் செல்களே குறைவு. எதிர்ப்பக்கம், எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டிய ஒருவர் இரண்டு மாதத்தில் ஒரு சுவடும் இல்லாமல் தேறிவிடுவதும் உண்டு. உண்மையான வேலைத்திறனைக் காட்டுபவை ஆல்புமின், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர்., ஓரளவுக்கு பிலிருபின். உங்கள் ஆல்புமின் 4.4, அதாவது நன்றாகவே இருக்கிறது. ஐ.என்.ஆர். எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். ‘இன்றைக்கு உங்கள் கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கவில்லை’ என்று ஆல்புமினை வைத்து ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ‘அதனால் கல்லீரலில் எந்த நோயும் இல்லை’ என்று அதே எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவர்கள் முதலாவதைச் சொல்லியிருப்பார்கள், நீங்கள் இரண்டாவதை எதிர்பார்த்திருப்பீர்கள். மனக்கசப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பரிசோதனைகளின் ‘நார்மல் ரேஞ்ச்’ என்பது, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லை. மிச்ச 5 பேர் நோயில்லாமலேயே வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நல்ல உடம்புள்ள ஒருவருக்கு எடுத்தால், ஏதாவது ஒன்றிலாவது ‘நார்மல் இல்லை’ என்று தடித்த எழுத்து விழ 64 சதவீத வாய்ப்பு. ‘எல்லா டெஸ்டையும் எடுத்துவிடுவோம்’ என்று இறங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கணக்கு இது. வலை பெரிதானால் மீனோடு குப்பையும் சேர்ந்துதான் வரும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். எனக்கு முதலில் உறுத்தியது பிலிருபின் 2.1. அது பெரிய எண் என்பதால் இல்லை, பாதி எண் என்பதால். பிலிருபினில் இரண்டு வகை. பழைய சிவப்பணுக்கள் உடைவதில் உண்டாகி, இன்னும் கல்லீரல் கைபடாதது ‘இன்டைரக்ட்’. கல்லீரல் பக்குவம் பண்ணி, நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் அனுப்பத் தயாராக வைத்திருப்பது ‘டைரக்ட்’. மொத்தம் 2.1இல் டைரக்ட் 0.3 என்றால் அது ஒரு கதை, 1.4 என்றால் முற்றிலும் வேறு கதை. உங்கள் ரிப்போர்ட்டில் மொத்தத்துக்கு அடுத்த வரியிலேயே இது அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எடுத்துப் பாருங்கள்.

டைரக்ட் குறைவாக, கிட்டத்தட்ட எல்லாமே இன்டைரக்ட்டாக இருந்து, ரத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தால், ‘கில்பர்ட் சிண்ட்ரோம்’ என்ற பரம்பரைத் தன்மைதான் முதல் சந்தேகம். நூறில் ஐந்து முதல் பத்து பேருக்கு இது இருக்கிறது, பலருக்குச் சாகும்வரை தெரியாது. பிலிருபினைப் பக்குவப்படுத்தும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால், கடுமையாக ஓடியாடினால் அளவு ஏறும், பிறகு இறங்கும். கல்லீரலுக்கு இதனால் கேடில்லை, மருந்தும் தேவையில்லை. ரத்த மாதிரி கொடுக்கும்போது எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தீர்கள்? முந்தின இரவும் சரியாகச் சாப்பிடாமல் போயிருந்தால் 2.1 எனக்கு ஆச்சரியமே தராது. ஆனால் கில்பர்ட் என்று முத்திரை குத்துவதற்கு முன், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை, செல்கள் உடைந்தால் ஏறும் எல்.டி.எச். என்ற நொதி, மூன்றும் அதற்குப் போதும்.

இங்கேதான் உங்கள் சிறுநீர் ஒரு நல்ல சாட்சி. இன்டைரக்ட் பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிவது. சிறுநீரகம் அதை வெளியே விடாது. ஆகவே கில்பர்ட்டில் சிறுநீர் நிறம் மாறக் கூடாது. சிறுநீரில் பிலிருபின் இறங்கினால் அது டைரக்ட் வகை, அதாவது கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ உண்மையான சிக்கல். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய டெஸ்ட் வேண்டாம். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் பிலிருபினுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. நிறம் அடர்ந்து போகும் அந்தக் காலையிலேயே மாதிரி கொடுங்கள், நிறம் தெளிந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. காலை முதல் சிறுநீர் எல்லாருக்குமே அடர்த்திதான், இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காததால். இரண்டு மூன்று டம்ளர் குடித்தபின் வெளுத்துவிடுகிறதா என்று பாருங்கள். அசதிக்கென்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், பளிச்சென்ற அந்த மஞ்சளுக்கு அதிலிருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின்தான் காரணம். நாங்களே மாத்திரை கொடுத்து, நாங்களே காமாலைப் பயத்தைக் கிளப்பிவிடும் வேடிக்கை இது. உண்மையான காமாலைச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போகும், குலுக்கினால் நுரைகூட மஞ்சளாக நிற்கும். அதோடு மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் போனால் பித்தக் குழாய் அடைப்பைத் தேட வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பிலிருபின் 2.5 அல்லது 3ஐத் தொட்டால்தான் வெள்ளை விழியில் மஞ்சள் தெளிவாகத் தெரியும். 2.1 எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம். குளியலறை விளக்கில் கண்ணாடி முன் நின்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று, நீங்கள் கீழே பார்க்க, வேறொருவர் மேல் இமையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இமைக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளைப் பகுதி வெயில் படாதது, பொய் சொல்லாது. அங்கே ஒரே சீராக மஞ்சள் பரவியிருந்தால் கணக்கில் எடுக்கலாம். மூக்குப் பக்கத்து மூலையில் மட்டும் திட்டாக மஞ்சளித்திருப்பது வயதிலும் வெயிலிலும் வருவது, அதற்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து எஸ்.ஜி.பி.டி. 58. ஆய்வகங்கள் பல இன்னும் 40, 45 என்று மேல் எல்லை போடுகின்றன. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி அதைவிடக் கடுமையானது: ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 வரைதான் சரியான மேல் எல்லை என்கிறது. அந்தக் கணக்கில் உங்களுடையது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதறும் எண் இல்லை. ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளும் எண்ணும் இல்லை. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் கசிவு கல்லீரலிலிருந்துதானா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன, குறிப்பாக எஸ்.ஜி.ஓ.டி. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் ஒரு தடிமனான கோப்போடு வந்தான். எஸ்.ஜி.ஓ.டி. 180, எஸ்.ஜி.பி.டி. 90. ஹெபடைடிஸ் டெஸ்ட் இரண்டு இடத்தில் எடுத்தாகிவிட்டது, யாரோ பயாப்ஸி என்றுகூடப் பேசியிருக்கிறார்கள். கையைப் பிடித்து உட்காரச் சொன்னேன், தோளைத் தொட்டதும் “ஆ” என்றான். ரத்தம் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்புதான் எடை தூக்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். தசை காயப்பட்டால் ஏறும் சி.பி.கே. என்ற நொதியை எடுத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருந்தது. பத்து நாள் ஓய்வுக்குப் பின் எல்லாம் நார்மல். உங்களுக்கு எஸ்.ஜி.பி.டி. அதிகம், எஸ்.ஜி.ஓ.டி. குறைவு என்பதால் தசை என்று தோன்றவில்லை. இருந்தாலும் அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கடும் உடற்பயிற்சி வேண்டாம்.

ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் சும்மா இருக்க எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறி, எஸ்.ஜி.ஓ.டி.யைவிட அதிகமாக நிற்பது கொழுப்புக் கல்லீரலின் வழக்கமான தோற்றம். ஸ்கேனும் அதையே சொல்கிறது. (மதுவால் வரும் அழற்சியில் பெரும்பாலும் தலைகீழ்: எஸ்.ஜி.ஓ.டி. இரண்டு மடங்குக்கு மேல் முந்தி நிற்கும். நீங்கள் குடிப்பது பற்றி ஒன்றும் எழுதவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள்.) ஸ்கேனில் வரும் ‘கிரேடு 1’ என்ற சொல்லை நோயின் கட்டம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு பளபளப்பாகத் தெரிகிறது என்று ஸ்கேன் பார்த்தவர் கண்ணளவில் போட்ட மதிப்பெண் அது. நம் கவலை கொழுப்பைப் பற்றி அவ்வளவாக இல்லை, தழும்பைப் பற்றி. கல்லீரலில் தழும்பு கட்டிக்கொண்டே போய் முடிவில் வருவதுதான் சிரோசிஸ். ஆரம்பத் தழும்பை அல்ட்ராசவுண்ட் காட்டாது. ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் ‘தழும்பில்லை’ என்று பொருளில்லை.

தழும்பை மதிப்பிட, கையிலிருக்கும் எண்களே ஓரளவுக்குப் போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதைக் கொண்டு வகுக்க வேண்டும். நீங்கள் பிளேட்லெட்டைச் சொல்லவில்லை. 2,40,000 என்று வைத்துப் பார்த்தேன். 38ஐ 41ஆல் பெருக்கினால் 1558. 58இன் வர்க்கமூலம் 7.6, அதை 240ஆல் பெருக்கினால் சுமார் 1828. வகுத்தால் 0.85. 1.3க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் அதிகம், நடுவில் விழுந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் பிளேட்லெட் 1,20,000 என்றால் அதே கணக்கு 1.7க்குப் போய்விடும், என் பேச்சும் மாறிவிடும். ஒரே ஒரு எண் இவ்வளவு மாற்றும். சிரோசிஸ் பயத்துக்கு உங்களிடம் இருக்கும் மிக நேரான பதில், சாதாரண ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த பிளேட்லெட்தான். கல்லீரல் இறுகினால் மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல நோயாளிகளிடம் முதல் தடயமே இந்தக் குறைவுதான். இந்தக் கணக்கு 35 வயதுக்குக் கீழ் அவ்வளவு நம்பகமில்லை, 65ஐத் தாண்டியவர்களுக்கு எல்லையை 1.3க்குப் பதில் 2 என்று வைக்க வேண்டும். உங்கள் வயதுக்குப் பொருந்தும். ஃபைப்ரோஸ்கேன் எடுக்க நேர்ந்தால் மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் போங்கள், சாப்பிட்ட கல்லீரல் பொய்யாக இறுகிக் காட்டும்.

வைரஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்பதும் உங்கள் கேள்வியில் இல்லை. இதில் மட்டும் விவாதமே வேண்டாம். காரணம் தெரியாமல் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கும் எவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், கொழுப்புக் கல்லீரல் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022இல் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி 25.4 கோடிப் பேருக்கும், சி 5 கோடிப் பேருக்கும் இருந்தது. மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. சி இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் நூறில் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிவிடுகிறது. இப்படி ஒரு வாய்ப்பு இருக்கும்போது அந்த டெஸ்டை எடுக்காமல் விடுவது அநியாயம்.

மருந்து விஷயத்தில் என்னையே நான் நம்புவதில்லை. “ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் உண்மையான பதில் வராது என்று கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, எஸ்.ஜி.பி.டி. 900, எல்லா வைரஸ் டெஸ்டும் நெகட்டிவ். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் “எதுவுமே இல்லை டாக்டர்” என்றார். நான்காம் நாள் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். மூட்டுவலிக்கென்று அம்மா நான்கு மாதமாகச் சாப்பிட்டுவந்த மஞ்சள் சாறு காப்ஸ்யூல் அதில் இருந்தது. “அது மருந்து இல்லையே டாக்டர், இயற்கைதானே” என்றார் அந்த அம்மா, கொஞ்சம் கோபமாகவே. நிறுத்தியதும் இரண்டு மாதத்தில் 35க்கு வந்தது. மஞ்சள் சாறு, கிரீன் டீ சாறு, அஸ்வகந்தா, உடம்பை ஏற்றும் ஸ்டீராய்டு கலந்த பொடிகள், எல்லாவற்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சாப்பிடும் எல்லாருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. நீங்கள் கல்லீரலைச் சுத்தம் செய்கிறேன் என்று இணையத்தில் பார்த்த எதையாவது ஆரம்பித்திருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்துங்கள்.

அரிப்பு எனக்கு வலிக்கும் இடம். ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர், உள்ளங்கை உள்ளங்காலில் ஆரம்பித்து உடம்பெல்லாம் அரிப்பு, இரவில் தூக்கமில்லை. ஒரு வருடம் களிம்புகள். என்னிடம் முதல் முறை வந்தபோது நானும் தோலைப் பார்த்தேன், சொறிந்த தடங்களைத் தவிர ஒன்றுமில்லை, அரிப்புக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாம் முறை வந்தபோதுதான் அவர் கோப்பிலேயே இருந்த பழைய தாளில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் 280 என்பதைப் படித்தேன். பித்த நுண்குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் பி.பி.சி. என்ற நோய். ஏ.எம்.ஏ. என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அந்தத் தாள் முதல் நாளும் என் மேசையில்தான் கிடந்தது. அதனால் அரிப்பு என்று யார் சொன்னாலும் அந்த எண்ணைத் தேடிப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. உங்களுடையது 96, நார்மல். பித்தத் தேக்கத்தால் வரும் அரிப்பு இந்த எண்ணோடு பொருந்துவது அரிது. முழுக்க இல்லையென்று சொல்லமாட்டேன். டைரக்ட் பிலிருபின் உயர்ந்திருந்தால் மறுபடி யோசிப்பேன். அதற்கு முன் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சிறுநீரகம், வெறும் தோல் வறட்சி, இவற்றைப் பார்க்கலாம். வீட்டில் இன்னொருவருக்கும் இரவில் அரிக்கிறதா? அரித்தால் அது சொறி என்ற ஒட்டுத் தோல்நோயாக இருக்கலாம், கல்லீரலை விட்டுவிட்டு விரலிடுக்கைப் பாருங்கள்.

இணையத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய அரிய நோய்களில் வில்சன் நோயும் (உடம்பில் செம்பு தேங்குவது) தன்னெதிர்ப்பு ஹெபடைடிஸும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவது) உங்கள் வயதில் நினைவில் வைக்க வேண்டியவை. எஸ்.ஜி.பி.டி. குறையாமல் ஆறு மாதத்துக்கு மேல் நின்று, மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் அவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளான செருலோபிளாஸ்மின், ஐ.ஜி.ஜி., ஏ.என்.ஏ. எல்லாம். முதல் நாளே எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஏ.என்.ஏ. லேசான பாசிட்டிவ் நல்ல உடம்புக்காரர்களிடமும் வரும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் கொழுப்புக் கல்லீரலிலேயே ஏறும். டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவும் 45 சதவீதத்தைத் தாண்டினால்தான் இரும்புத் தேக்க நோயைப் பற்றிப் பேச வேண்டும்.

வலி பற்றிச் சுருக்கமாக. கல்லீரல் சதைக்கு வலியை உணரும் நரம்பில்லை, மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் உண்டு. கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் அந்த உறையை இழுத்து ஒரு பாரம் போலத் தரலாம். விலா எலும்புக் குருத்து, பெருங்குடல் வளைவில் தங்கும் வாயு, பித்தப்பைக் கல், எல்லாமே அதே இடத்தைக் காட்டும். ஒரு விரலால் அழுத்திய இடத்தில் சுரீரென்று வலித்தால், அல்லது திரும்பிப் படுக்கும்போது கூடினால், தசையும் எலும்பும்தான் முதல் சந்தேகம்.

அசதியைப் பற்றித்தான் எனக்குக் குறைவாகத் தெரியும், சொல்லப்போனால் மருத்துவத்துக்கே குறைவாகத்தான் தெரியும். அசதிக்கும் கல்லீரல் எண்களுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. எஸ்.ஜி.பி.டி. 300 உள்ளவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், 50 உள்ளவர் படுக்கையைவிட்டு எழமாட்டார். உங்கள் எட்டு மாத அசதியை 58 என்ற எண்ணில் கட்டிவிட்டால், உண்மையான காரணம் கைநழுவிப் போகலாம். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியவை நிறைய. கடைசியாகச் சொன்னது கொழுப்புக் கல்லீரலோடு கைகோத்தே வரும். காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா, பக்கத்தில் படுப்பவர் குறட்டை பற்றிப் புகார் சொல்கிறாரா என்று பாருங்கள்.

ஆக என் ஊகம், ஊகம் மட்டுமே: ஒரு பெரிய நோய் எல்லா அறிகுறிகளையும் விளக்கப்போவதில்லை. கில்பர்ட் தன்மை ஒன்று, கொழுப்புக் கல்லீரல் ஒன்று, அரிப்புக்கும் அசதிக்கும் தனித்தனியாக வேறு ஏதோ. இணையத்தில் தேடும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தேடுகிறோம், அதனால்தான் கட்டுக்குப் பொருந்தும் பயங்கரமான பெயராக வந்து விழுகிறது. டைரக்ட் பிலிருபின் அதிகமாகவோ, பிளேட்லெட் குறைவாகவோ, வைரஸ் பாசிட்டிவாகவோ வந்தால் இந்த ஊகத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இவை வந்தால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: கண் மஞ்சளோடு குளிர்காய்ச்சலும் வலியும், ரத்த வாந்தி, தார் போலக் கருத்த மலம், வயிறு நாளுக்கு நாள் உப்புவது, பேச்சில் தடுமாற்றம், இரவில் விழித்துப் பகலில் உறங்கும்படி தூக்கம் தலைகீழாவது, காமாலையோடு ஐ.என்.ஆர். ஏறுவது. இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை என்பதால்தான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தீர்களே, மூன்று பேரும் முதல் படியைத்தான் ஏறியிருக்கிறார்கள். நான்காவதாக ஒருவரிடம் போனால் அவரும் அதே படியில் இருந்துதான் தொடங்குவார். மூவரில் நீங்கள் பேசப் பேசக் காதுகொடுத்துக் கேட்டவர் யாரோ, அவரிடமே திரும்பப் போங்கள். ஒரே ஒரு தாளில் தேதி வாரியாக எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வாயில் போடும் எல்லாவற்றையும், பொடியும் காப்ஸ்யூலும் உட்பட, அதில் சேருங்கள். “எனக்குக் கல்லீரல் நோயா?” என்று கேட்டால் “இல்லை” என்று சொல்லி முடித்துவிடுவார். “என் எஸ்.ஜி.பி.டி. ஏன் 58? டைரக்ட் பிலிருபின் எவ்வளவு? பி, சி வைரஸ் பார்த்தாயிற்றா? இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப எடுத்தும் குறையாவிட்டால் அடுத்து என்ன?” என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொழுப்புதான் என்று முடிவானால், உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது போலச் செலவில்லாத, பலன் நிரூபணமான வைத்தியம் வேறில்லை. அதோடு சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. வேலைக்குச் சேரும்போதோ, காப்பீட்டுக்காகவோ, ஏதாவது அறுவை சிகிச்சைக்கு முன்போ எப்போதாவது ரத்தப் பரிசோதனை எடுத்திருப்பீர்கள். அந்தப் பழைய தாள் அலமாரியில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். ஆறேழு வருடம் முன்பே, இந்த அசதியும் அரிப்பும் தொடங்காத காலத்திலேயே, அதில் பிலிருபின் 1.8, 1.9 என்று இருந்தால், இனி நீங்கள் எடுக்கப்போகும் எந்தப் புதிய டெஸ்டையும்விட அது எனக்கு அதிகம் சொல்லும். கிடைத்தால் அந்த எண்ணையும், இப்போதைய பிளேட்லெட்டையும், டைரக்ட் பிலிருபினையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.